கழுவ வேண்டாம்

அச்சுப் பிழை என்றால் எங்கள் தொழிலில் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். தலைவர் உரையாற்றினார் என்பது உறையாற்றினார் என்று வந்த கதை, நன்றியுரையில் மனைவியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு யார் பெயரோ வந்த கதை என்று ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். புத்தகக் கண்காட்சியில் சாயங்காலம் நாலு பதிப்பாளர்கள் டீக்கு ஒதுங்கினால் இதுதான் பேச்சு. நானும் சொல்லிச் சிரித்தவள்தான். இப்போது அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்டாலுக்குத் திரும்பிவிடுகிறேன். அவளுக்குத் திமிர் என்கிறார்களாம். சொல்லிக்கொள்ளட்டும்.

தமிழில் வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். டு இருந்த இடத்தில் டா வந்தால் போதும், சொன்னது தலைகீழாகிவிடும். கணினியில் பிழை திருத்தும் மென்பொருள் இதற்கு அடியில் சிவப்புக் கோடு போடாது. அதற்கு இரண்டுமே சரியான சொற்கள். அந்த ஓர் எழுத்து ஒரு சின்னப் பெண்ணின் கண்ணில் போய் விழுந்த நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் பதிப்பகம் என்பது இரண்டு பெண்களும் மந்தைவெளியில் ஒரு மாடி போர்ஷனும்தான். பக்கம் வடிவமைப்பது என் தோழி. அவள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் புத்தகம் பைண்டிங் செய்தவர்கள். வீட்டுக்குள் உருது பேசுவாள், என்னிடம் தமிழில் சண்டை போடுவாள். மற்ற வேலையெல்லாம் என் தலையில்: எழுதுகிறவர்களைத் துரத்துவது, பிரதியைச் செப்பனிடுவது, பெட்டி தூக்குவது, கூட்டம் நடத்துவது. அறிவியலில் பெண்களைக் கொண்டாடும் நாள் வருடத்துக்கு ஒரு தடவை வருகிறதல்லவா, அன்றைக்கு எங்கள் புத்தகங்களில் ஒன்றை மின்நூலாக இலவசமாக வெளியிடுவது எங்கள் வழக்கம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், நண்பர்களுக்கு அனுப்பலாம், எங்களைக் கேட்க வேண்டாம் என்று முதல் பக்கத்திலேயே போட்டுவிடுவோம். அந்த வரியை எழுதியதும் நான்தான். எழுதியபோது பெரிய வள்ளல் ஆகிவிட்டதாக ஒரு நினைப்பு எனக்கு.

அந்த வருடத்துப் புத்தகம் பெண் விஞ்ஞானிகளைப் பற்றியது. அடையாறில் இருக்கும் ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியை எழுதியது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு பெண்ணின் கதை, கடைசியில் வீட்டில் இருக்கும் சாமானை வைத்துச் செய்யக்கூடிய ஒரு சோதனை. அதில் ஒன்று மஞ்சள் காகிதம். மஞ்சள் தூளைக் கரைத்துக் காகிதத்தில் பூசிக் காயவைத்து, அதன்மேல் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தால் சிவப்பாகும். எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடியும் மஞ்சள். ஆரத்தித் தட்டில் நாம் எல்லோரும் பார்த்ததுதான், ஆனால் ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அதைக் கேட்க வைப்பதுதான் அந்த அத்தியாயம். கீழே ஒரு கட்டத்துக்குள் எச்சரிக்கை: சுண்ணாம்பு கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று.

அன்று காலை தி. நகரில் ஒரு சின்ன அரங்கில் கூட்டம் வைத்திருந்தோம். ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால், மாடியில், மைக் எப்போதும் கொஞ்சம் கரகரக்கும் ஓர் இடம். தரமணியில் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் ஓர் இளம் விஞ்ஞானியைப் பேச அழைத்திருந்தோம். நன்றாகப் பேசினார். கைதட்டினார்கள். வாசலில் வடையும் காபியும் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் என்னைத் தூணுக்குப் பக்கத்தில் ஓரமாகக் கூப்பிட்டார். போனில் எங்கள் மின்நூல் திறந்திருந்தது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது நீங்க வேணும்னே இப்படிப் போட்டதா?"

படித்தேன். "சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கண்ணைக் கசக்க வேண்டாம். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். உடனே மருத்துவரிடம் செல்லவும்."

மறுபடியும் படித்தேன். எழுத்து மாறவில்லை.

"கழுவணும்தானே?" என்றேன். எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டேன்.

"கழுவியே ஆகணும் மேடம். சுண்ணாம்பு உள்ள போயிட்டே இருக்கும். கழுவாம விட்டா கருவிழி வெந்துடும். வெத்தலைக்கடையில பாக்கெட்ல விக்கறாங்களே, குழந்தைங்க அதை அழுத்தி, பீச்சி அடிச்சு கண்ணு போன கேஸெல்லாம் நிறைய வருதுன்னு கண் டாக்டருங்க சொல்வாங்க."

கையில் காபி டம்ளர் இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. படியில் இறங்கிக்கொண்டே தோழிக்குப் போன் போட்டேன். மந்தைவெளியில் கணினி முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்று காலையிலிருந்து பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தவள்.

"மஞ்சள் காகிதம். எச்சரிக்கைக் கட்டம். படி."

படித்தாள். "யா அல்லா," என்றாள்.

"எப்படி வந்தது இது?"

"முதல் ப்ரூஃப்ல ரெண்டுமே வேண்டும்னு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? கசக்க வேண்டும், கழுவ வேண்டும். ப்ரொஃபசர் அம்மா போன்ல சொன்னாங்க, அந்தக் கட்டத்துல வேண்டும் தப்பு, வேண்டாம்னு மாத்துங்கன்னு. நான் அந்தக் கட்டத்தை செலக்ட் பண்ணி மாத்தினேன்." அவள் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டும் மாறிடுச்சுடி."

அவளைத் திட்டுவதற்கு வாய்வரை வந்தது. யாரைத் திட்டுவது? பேராசிரியை சொன்னதும் சரி, அவள் செய்ததும் அவர் சொன்னதுதான். திருத்தும்போதுதான் புதுப் பிழை புகும் என்று எங்கள் தொழிலில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

"ஃபைலை எடு. சரி பண்ணிப் போடு. எல்லா குரூப்லயும் எழுது," என்றேன்.

"எடுத்துட்டேன். ஆனா எடுத்து என்ன பண்றது? காலையில இருந்து எல்லாரும் ஃபார்வர்ட் பண்ணிட்டு இருக்காங்க. அது நம்ம கையில இல்லை."

அச்சுப் புத்தகமாக இருந்தால் புத்தகக் கட்டுகளைத் திரும்ப வாங்கலாம், ஒட்டுச்சீட்டு ஒட்டலாம். இது காற்றில் போய்விட்டது. யாரிடம் இருக்கிறது, யார் யாருக்கு அனுப்பினார்கள், எந்த ஊரில் எந்தக் குழந்தை அதைத் திறந்து வைத்துக்கொண்டு மஞ்சளைக் கரைத்துக்கொண்டிருக்கிறது, ஒன்றும் தெரியாது. உஸ்மான் சாலைக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுவிட்டேன். பயத்தை விவரிக்கும் வரிகளை நான் நாவல்களில் நிறையத் திருத்தியிருக்கிறேன். 'முதுகுத்தண்டில் சில்லிட்டது' என்றெல்லாம் எழுதுவார்கள், நான் அடித்துவிடுவேன். உண்மையில் சில்லிடவில்லை. வியர்த்துக் கொட்டியது, வாய் உலர்ந்துபோனது, சிறுநீர் கழிக்க வேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் காலையில் வந்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டுப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டவர்களில் ஒரு பெண், அங்கே தன் வீட்டின் முன்னறையிலேயே பிள்ளைகளுக்கு வாசிப்பு அறை நடத்துகிறார். முன்பு மந்தைவெளியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீட்டுவேலை செய்தவர், அப்படித்தான் பழக்கம். எங்கள் புத்தகம் எது வந்தாலும் முதலில் அவருக்குத்தான் போகும். அவர் அனுப்பியிருந்தார்: "மேடம் புக் சூப்பர். இன்னிக்கி மதியம் பொண்ணுங்கள வெச்சி மஞ்ச பேப்பர் பண்றோம்." நான் அதற்கு ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பியிருந்தேன்.

போன் போட்டேன். இரண்டு தடவை மணி அடித்து வெட்டுப்பட்டது. மறுபடி போட்டேன், மறுபடி வெட்டினார். செய்தி அனுப்பினேன், பார்க்கவில்லை. பிறகு தெரிந்தது, அவர் தன் போனில்தான் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். என் அழைப்பு வரும்போதெல்லாம் பக்கம் மறைந்ததால், வெட்டிவிட்டுப் பக்கத்துக்குத் திரும்பியிருக்கிறார்.

கைக்குக் கிடைத்த ஆட்டோவை நிறுத்தினேன். பெரும்பாக்கம் என்றதும் டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மாந் தூரமா? ரிட்டர்ன் சவாரி கெடைக்காதும்மா."

"ஒரு குழந்தைக்குக் கண் போயிடும். போங்க."

அவர் வண்டியைக் கிளப்பினார். நான் சொன்னது அப்போது பொய்தான். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை, எனக்குத் தெரிந்தவரை. சைதாப்பேட்டையைத் தாண்டும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன். எத்தனை பிள்ளைகள் செய்வார்கள், அதில் எத்தனை பேருக்குக் கண்ணில் படும், பட்டாலும் எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள், கண் எரிந்தால் எந்தத் தாயும் முதலில் தண்ணீரைத்தானே ஊற்றுவாள் என்று. புத்தகத்தை யாரும் அவ்வளவு கவனமாகப் படிக்கமாட்டார்கள் என்று ஒரு பதிப்பாளர் வேண்டிக்கொண்டு போனது அன்றைக்குத்தான் இருக்கும்.

மத்திய கைலாஷ் சிக்னலில் மாட்டிக்கொண்டோம். முன்னால் இரண்டு கம்பெனி பஸ்கள், பக்கத்தில் தண்ணீர் லாரி. மறுபடியும் போன் போட்டேன். இந்தத் தடவை எடுத்தார்கள். ஆனால் அவர் குரல் இல்லை, ஒரு பெண் குழந்தையின் குரல். பத்துப் பன்னிரண்டு வயது இருக்கலாம்.

"ஹலோ, யாரு?"

"நான் புக் போட்ட மேடம் பேசறேன். அக்கா எங்கம்மா?"

"அக்கா கீழ ஆட்டோ பாக்கப் போய்க்கீறாங்க. என் தங்கச்சி கண்ணுல சுண்ணாம்பு அடிச்சிடுச்சு. பாக்கெட்டை அமுக்கினா, அப்டியே பீச்சிக்கிச்சு."

பின்னால் ஒரு சின்னக் குழந்தை அலறுவது கேட்டது. அழுகை இல்லை அது, ஒரே சுருதியில் போய்க்கொண்டிருந்தது.

"தண்ணி ஊத்துனீங்களா?"

"இல்ல. அம்மா சொம்பை எடுத்துக்கினு வந்தாங்க. நான்தான் வுடல. புக்குல ஊத்த வேணாம்னு போட்டுக்கீது."

பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்கவில்லை. டிரைவர் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தவர், சிக்னல் விழுந்ததும் ஆட்டோவை இடது பக்கம் ஒடித்து, நடைபாதையை ஒட்டி நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். "நீ பேசும்மா," என்றார்.

"கண்ணு, கேளு. அது அச்சுல தப்பா வந்துடுச்சு. ஊத்தணும். இப்பவே ஊத்து."

அவள் கேட்டாள்.

"ஏன்?"

"என்ன ஏன்?"

"சுண்ணாம்புல தண்ணி ஊத்துனா கொதிக்கும்ல? எங்கப்பா வெள்ளை அடிக்கறவரு. டிரம்முல ஊத்துவாரு, கொதகொதன்னு கொதிக்கும், புகையா வரும். கிட்டயே வரக்கூடாதும்பாரு. கண்ணுக்குள்ள கொதிச்சா இன்னா ஆவறது?"

எனக்கு அந்த நிமிஷம் அவளை ஓங்கி ஓர் அறை விடலாம்போல் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். அவள் தங்கையின் கண் வெந்துகொண்டிருக்கிறது, இவள் எனக்கு வைவா பரீட்சை நடத்துகிறாள். அதே நிமிஷம், அந்தப் புத்தகத்தின் பின்னட்டை என் கண்முன் வந்தது. யார் சொன்னாலும் ஏன் என்று கேள் என்று பெரிய எழுத்தில் நான்தான் எழுதியிருந்தேன். அவள் அதைப் படித்திருக்கிறாள். எச்சரிக்கைக் கட்டத்தையும் படித்திருக்கிறாள். அப்பாவின் டிரம்மையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, புத்தகம் சொல்வது நியாயம்தான் என்று தீர்மானித்து, சொம்போடு வந்த அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். எங்கள் பிழைக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தவள் அவள்தான். ஊத்து ஊத்து என்று நான் கத்தினால் ஊற்றமாட்டாள் என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

எனக்கு வேதியியல் தெரியாது. பிரதியைச் செப்பனிடும்போது பேராசிரியை விளக்கியதுதான் தெரியும். அது சரியாக நினைவிருக்கிறதா என்று அந்தச் சாலையோரத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் சொல்லப்போவதும் தப்பாக இருந்தால்?

"உங்கப்பா டிரம்முல போடறது கட்டியா, கல்லு மாதிரி இருக்கும்ல?"

"ஆமா."

"அது சுட்ட சுண்ணாம்பு. அதுல அதுவரைக்கும் தண்ணியே பட்டிருக்காது. அதனாலதான் முதல் தடவை ஊத்தும்போது கொதிக்குது. வெத்தலைக்கடை சுண்ணாம்பு எப்படி இருக்கு?"

"கொழகொழன்னு கீது."

"ஏன் கொழகொழன்னு இருக்கு? ஏற்கெனவே தண்ணி ஊத்திட்டாங்க. கொதிச்சு முடிஞ்சு ஆறிடுச்சு. இனிமே அது கொதிக்காது."

"கொதிக்காதா?"

"கொதிக்காது. ஆனா கண்ணை அரிச்சுக்கிட்டே இருக்கும். தண்ணிதான் அதை வெளிய தள்ளும்."

"நெசமாவா?"

"நெசமா."

நிஜமா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "அம்மா, ஊத்தும்மா. இது வேற சுண்ணாம்பாம்," என்று அவள் சொன்னாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சின்னவள் வீரிட்டாள். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற சத்தம் ஏதாவது வருகிறதா என்று உற்றுக் கேட்டேன். கேட்டேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்டேன்.

வாசிப்பு அறைப் பெண் மேலே ஓடிவந்து போனை எடுத்தார். லிஃப்ட் வேலை செய்யாததால் மூச்சு வாங்கியது. "மேடம், இன்னா மேடம் இது?" என்றார். விளக்க நேரமில்லை. குடத்தோடு வண்டியில் ஏறுங்கள், போகும்போதும் ஊற்றிக்கொண்டே போங்கள், இமையைத் திறந்துபிடித்து ஊற்றுங்கள் என்றேன். எந்தக் கண் ஆஸ்பத்திரி என்று பேசிக்கொண்டோம். எங்கள் ஆட்டோ டிரைவர் அதைக் கேட்டு, நான் சொல்வதற்கு முன்பே வண்டியைக் கிளப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். அவர்கள் வந்து இறங்கியபோது அந்த அம்மாவின் புடவை முழுக்க நனைந்திருந்தது. இடுப்பில் குழந்தை. ஏழெட்டு வயது, மெலிந்த உடம்பு, தலைமுடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. ஒரு கண் திறந்திருந்தது, மற்றது சிவந்து வீங்கி மூடியிருந்தது. கதறி ஓய்ந்துபோய், திறந்த கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். பின்னால் பள்ளிச் சீருடையில் பெரியவள். கையில் எங்கள் புத்தகத்தின் பக்கங்கள், ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஊசிநூலால் தைத்தது. ஏன் அதையும் எடுத்துவந்தாள் என்று நான் கேட்கவில்லை.

உள்ளே நிறைய நேரம் கழுவினார்கள். நானும் பெரியவளும் வாசிப்பு அறைப் பெண்ணும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசிப்பு அறைப் பெண், "உங்க புக்குன்னா நாங்க கண்ணை மூடிக்கினு நம்புவோம் மேடம்," என்றார். குத்திக்காட்டச் சொல்லவில்லை, எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம்போல் இருந்தது.

டாக்டரம்மா வெளியே வந்து அந்த அம்மாவிடம் பேசினார். இமைக்கு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த சுண்ணாம்பை எடுத்துவிட்டார்களாம். கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறதாம்.

"பட்ட உடனே தண்ணி ஊத்தினீங்களா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் பெரியவள் சொன்னாள். "லேட்டாயிடுச்சு டாக்டர். புக்குல வேணாம்னு போட்டிருந்துச்சு."

"எந்த புக்கு?"

பெரியவள் தைத்த பக்கங்களை நீட்டவில்லை. பின்னால் மறைத்துக்கொண்டாள். எனக்காகத்தான் மறைத்தாள் என்பது எனக்குத் தெரிந்தது.

"என் புக்," என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "ஊத்தினதாலதான் இந்த அளவோட நின்னுச்சு. பார்வை வரும்னுதான் நினைக்கிறேன். வெள்ளையா ஒரு தழும்பு நிக்குதா இல்லையான்னு கட்டு பிரிச்சாத்தான் சொல்ல முடியும். நினைக்கிறேன்னுதான் சொல்றேன், உறுதியா இல்லை. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க." அந்த அம்மா தலையை ஆட்டினார். பிறகு சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாசிப்பு அறைப் பெண் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

பெரியவள் பெஞ்சை விட்டு நகரவில்லை. நான் அவளிடம் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீ செய்தது தப்பில்லை, புத்தகம்தான் தப்பு, நீ படித்தாய், யோசித்தாய், உன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றெல்லாம் சொல்ல மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். சொல்லவும் ஆரம்பித்தேன். அவள் நான் பேசுவதைக் கேட்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஸ்கூல் வுட்டுருப்பாங்கள்ல?"

"விட்டிருப்பாங்க. ஏன்?"

"இன்னிக்கி நான் அரை நாள் லீவு போட்டுட்டு வந்தேன், இதுக்கோசரம். காலையில எங்க கிளாஸ் குரூப்ல புக்கைப் போட்டேன். எல்லாரும் சாய்ந்திரம் வூட்டுக்குப் போய் செஞ்சு பாக்கறோம்னு சொல்லிக்கினு இருந்தாளுங்க." அவள் தைத்த பக்கங்களை மடியில் வைத்தாள். "சுண்ணாம்பு பாக்கெட் எந்தக் கடையில கெடைக்கும்னுகூட நான்தான் போட்டேன்."

என் போனை அவளிடம் கொடுத்தேன். யார் நம்பரும் என்னிடம் இல்லை, பலதும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தன, மற்றதை வாசிப்பு அறைப் பெண்ணின் போனில் தேடி எடுத்தாள். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டாள். "நான்தான்டி. சுண்ணாம்பு வாங்கிட்டியா? தொடாத. கண்ணுல பட்டா தண்ணி ஊத்தணும், புக்குல இருக்கறது தப்பு. ஏன்னு அப்புறம் சொல்றேன், மொதல்ல நான் சொல்றத கேளு." சிலர் இன்னும் வீட்டுக்கே வந்திருக்கவில்லை. ஒருத்தி மஞ்சளைக் கரைத்து வைத்திருந்தாள். இன்னொருத்தியின் அம்மா போனை வாங்கி என்னைத் திட்டினார், வாங்கிக்கொண்டேன்.

ஒரு நம்பர் மட்டும் எடுக்கவே இல்லை. "அவங்க அம்மா வேலைக்குப் போய்க்கீறாங்க. போன் வூட்லதான் இருக்கும், அவளும் தம்பியும்தான் இருப்பாங்க," என்றாள். மறுபடியும் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அது அடித்துக்கொண்டே இருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.